இடது ஓரத்தில் ஒரு கை

பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூலை 2025

அன்பு தஸ்லீ,

நலமாக இருக்கிறாயா? முழங்கால் வலி எப்படி? கடையில் உன்னை அதிக நேரம் உட்கார வைத்து வேலை வாங்குகிறானா என்று நான் கேட்டதாக உன் மகன் இக்ராமிடம் சொல்.

போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. வலது காது முழுவதும் போய்விட்டது. இடது காதில் பாதிப் பேச்சுத்தான் விழுகிறது. மீதியை நானாக நிரப்பிக்கொண்டு தப்புத்தப்பாகப் பதில் சொல்கிறேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். கோலாலம்பூரில் ஒரு கேலரியில், வேலைக்குப் போன பெண்களைப் பற்றிப் பழைய படங்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள். செப்டம்பர் ஆறாம் தேதி திறப்பு. என்னுடைய 'கேட்' படத்தை நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கி வாசலுக்கு நேராக மாட்டப் போகிறார்களாம். 1989-ல் தெலுக் பங்லிமா காராங்கில் நாம் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்களே, அந்தக் காலையில் எடுத்தது. உனக்குச் சொல்லவா வேண்டும், நீயும் அங்கேதானே நின்றாய். பூட்டிய கேட்டுக்கு முன்னால், மழையில், சீதாலெட்சுமி அக்கா வேலைக்கு வந்த நேரம் குத்தும் பஞ்ச் கார்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கொண்டை போடும் படம். அந்த ஒரு படத்தால்தான் எனக்குப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அதிலேயே ஓடிவிட்டது.

என்னிடம் இருக்கும் பிரிண்ட் மஞ்சளாகிவிட்டது. நெகட்டிவை ஸ்கேன் செய்தால்தான் அந்த அளவுக்குப் பெரிதாக்க முடியும் என்கிறாள் கேலரிப் பெண் தாமரை. ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்கிறாள், "ஆன்டி, நெகட்டிவ் இருக்குதானே? இருக்குதானே?" என்று. பெட்டாலிங் ஜெயாவில் இரண்டு இடத்தில் விசாரித்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. நீ இரண்டு வருஷமாக மகனின் போட்டோ கடையில் ஊரார் கல்யாண நெகட்டிவை எல்லாம் ஸ்கேன் செய்கிறாய். டப்பாவை அப்படியே கூரியரில் அனுப்பிவிட்டேன். நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய கேமராவில் எடுத்த அந்தக் காலத்து ரோல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கேட் படம் 'ஆகஸ்ட்' என்று எழுதிய உறையில்.

சீக்கிரம் செய்து கொடு.

அன்புடன்
மாதவி


கிள்ளான்
19 ஜூலை 2025

அன்புள்ள மாதவிக்கு,

டப்பா பத்திரமாக வந்தது. காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னால் வெட்கப்படாமல் வைத்துக்கொள். மெயிலில்கூட ஊரும் தேதியும் போட்டு எழுதும் ஆட்கள் இந்தக் காலத்தில் நாம் இரண்டு பேர்தான் இருப்போம்.

முதலில் ஒரு சண்டை. நெகட்டிவை ரப்பர் பேண்ட் போட்டா கட்டி வைப்பது? ரப்பர் உருகி மூன்று துண்டில் ஒட்டியிருந்தது. படம் இல்லாத ஓரமாகப் போனது உன் அதிர்ஷ்டம். எல்லாம் சுருண்டு கிடக்கிறது. இக்ராமின் ஆல்பம் புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். சுருண்ட ஃபிலிமை ஸ்கேன் செய்தால் நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் வரும். நாலடிக்குப் பெரிதாக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும்.

தூசி எடுக்கவே தனியாக ஒரு நாள் வேண்டும். கலர் ஃபிலிம் என்றால் மெஷினே தூசியைக் கண்டுபிடித்து நீக்கிவிடும். கறுப்பு வெள்ளைக்கு அது ஆகாது. இதில் படமே வெள்ளித் துகள்தான், மெஷின் அதையும் தூசி என்று எண்ணி அழித்துவிடும். ஒவ்வொரு புள்ளியாக நான்தான் உட்கார்ந்து எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலை. "ம்மா, கண்ணு போயிடும், கொஞ்சம் எழுந்திரிங்க லா" என்று இக்ராம் சொல்லிக்கொண்டே இருப்பான்.

நான் எடுத்ததும் அந்த ரோல்களில் இருக்கும் இல்லையா? கேமரா நம் இருவர் கையிலும் மாறிமாறித்தானே இருந்தது. என்னுடைய படமெல்லாம் கை நடுங்கி ஆடிப்போய்விட்டது என்று அன்றே சொல்லிவிட்டாய். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்துச் சிரிக்கப் போகிறேன்.

உன்
தஸ்லீ


பிரிக்பீல்ட்ஸ்
22 ஜூலை 2025

தஸ்லீ,

நீ இத்தனை சிரமப்பட வேண்டாம். மற்ற ரோல்களைத் தொடாதே, அப்படியே கட்டி வைத்துவிடு. ஆகஸ்ட் உறையிலும் இருபத்திரண்டாம் நம்பர் ஃபிரேம் ஒன்று மட்டும் போதும். முன்னே பின்னே இருப்பதைப் பார்த்து நேரத்தை வீணாக்காதே.

இன்னொன்று. பழைய பிரிண்டை போனில் படம் பிடித்து இதோடு இணைத்திருக்கிறேன். அதே அளவில் வெட்டிக் கொடு. நெகட்டிவில் இடது ஓரம் கொஞ்சம் கறை, கழுவும்போது பட்ட மருந்து. அதை விட்டுவிடு.

தாமரை இன்றும் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா? தூசி இருந்தால் இருக்கட்டும். பழைய படம்தானே.

மாதவி


கிள்ளான்
29 ஜூலை 2025

மாதவி,

வெள்ளிக்கிழமையே ஸ்கேன் செய்துவிட்டேன். அனுப்பவில்லை.

கறை எதுவும் இல்லை. அங்கே ஒரு கை இருக்கிறது.

ஓரத்துக் கறுப்புக் கோடு வரை முழு ஃபிரேமையும் ஸ்கேன் செய்வது என் வழக்கம். வெட்டுவதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். திரையில் பெரிதாக்கி, தூசி எடுத்துக்கொண்டே இடது பக்கம் வந்தேன். ஒரு குடைக் கம்பி. அதைப் பிடித்த கை. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் மணிக்கட்டுக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு தெரிகிறது. கையுறை அச்சு சுட்டு வந்தது. மருந்து போட்டவள் நான். அது உன் கை.

ஒரு கையில் குடையும் மறு கையில் கேமராவும் பிடித்து எடுத்தாயோ என்று உனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அதற்காகத்தான் நீ பார்க்காதே என்ற அடுத்த படத்தையும் வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்றாம் நம்பரில் நீ முழுசாக நிற்கிறாய். அதே குடையை அக்கா தலைக்கு மேல் பிடித்திருக்கிறாய். கேட் கதவும் சேறும் இம்மியும் நகரவில்லை. கேமரா வைத்திருந்த ஆள் ஒரே இடத்தில் இருந்துகொண்டு இரண்டையும் எடுத்திருக்கிறார்.

அன்று நம் இருவரைத் தவிர அந்தக் கேமராவைத் தொட்டது யார்?

நான்கு நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சுற்று நடக்கிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்து மறுபடி அதே துண்டை மெஷினில் வைக்கிறேன். "ஏம்மா, ஒரே படத்தை எத்தனை தடவை ஸ்கேன் பண்ணுவீங்க? மெஷின் சரியில்லையா?" என்று இக்ராம் கேட்டான். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

எனக்கு ஞாபகம் இல்லை, மாதவி. முப்பத்தாறு வருஷம் ஆகிறது. அந்த மழையில் யார் எப்போது கேமராவை வாங்கினோம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நீ சொல். இது நான் எடுத்ததா?

தஸ்லீ


கிள்ளான்
5 ஆகஸ்ட் 2025

மாதவி,

ஒரு வாரமாயிற்று. பதில் இல்லை.

நேற்று தாமரை கடைக்கே போன் செய்தாள். "ஆன்டி, மாதவி ஆன்டி உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. ஃபைல் ரெடியா?" என்றாள். எனக்கு எழுத நேரமில்லாத உனக்கு, அவளிடம் என் நம்பரைக் கொடுக்க நேரம் இருந்திருக்கிறது. ஃபிலிம் இன்னும் நிமிரவில்லை என்று சொன்னேன். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் சொன்ன முதல் பொய்.

நான் கேட்டது ஒன்றுதான். ஆமாம் என்று எழுது, அல்லது இல்லை என்று எழுது.

தஸ்லீமா


பிரிக்பீல்ட்ஸ்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தஸ்லீமாவுக்கு,

ஆமாம். நீ எடுத்தது.

ஐந்து முறை எழுதி அழித்துவிட்டேன். இதையும் அழிப்பதற்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன்.

லென்ஸ் நனைகிறது என்று நீ கத்தினாய். நான் ஓடி வந்து குடை பிடித்தேன். நீ சேற்றில் முட்டி போட்டு, ஒரே அழுத்தில் அதைப் பிடித்தாய்; நான் குடையோடு அக்காவிடம் போனதும் அடுத்ததை எடுத்தாய். சாயங்காலம் திருச்செல்வம் அண்ணன் ஸ்டூடியோவின் இருட்டறையில் நானே கழுவி, நானே பிரிண்ட் போட்டேன். மருந்துத் தட்டில் முதலில் அக்கா முகம் எழும்பி வந்தது. ஓரத்தில் என் கையும் எழும்பி வந்தது. படத்துக்கு அது இடைஞ்சல் என்று வெட்டினேன். அப்போது மனசில் வேறு எண்ணம் இல்லை. அதை மட்டும் நம்பு.

மறுநாள் பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் கமலநாதன் சார் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நீயாம்மா எடுத்தே?" என்றார். "நானும் என் கூட்டாளியும் சார்…" என்று ஆரம்பித்தேன். "ஏதாச்சும் ஒரு பேர் சொல்லும்மா, அச்சுக்குப் போகணும்" என்றார். மாதவி என்றேன்.

அன்று சாயங்காலமே உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் பிடித்து கிள்ளானுக்கு வந்தேன். வாசலில் உன் அண்ணன் மூசா நானா நின்றார். "தஸ்லீமாவுக்கு நிக்காஹ் பேசியாச்சு. இனிமே கேமரா அது இதுன்னு வெளியே அலைய மாட்டா. நீ இங்க வராதே லா" என்றார். நான் திரும்பி நடந்தேன். அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை, தஸ்லீ. நிம்மதி வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நானா மேல் பழியைப் போட்டு இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் ஒரு மாதம் கழித்து உன்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "என் படமெல்லாம் எப்படி வந்துச்சு?" என்று நீ ஆசையாகக் கேட்டாய். "எல்லாம் ஆடிப்போச்சு லா, தஸ்லீ" என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கே பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம்.

நெகட்டிவை பெட்டாலிங் ஜெயாவிலேயே கொடுத்து, வெட்டி வாங்கியிருக்கலாம். உனக்கு ஏன் அனுப்பினேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். நீயாகப் பார்த்துவிட்டால் நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேனோ என்னவோ. அதுவும் கோழைத்தனம்தான்.

கண்காட்சியிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொல்லவா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மாதவி


கிள்ளான்
16 ஆகஸ்ட் 2025

மாதவி,

மூசா நானா அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் மௌத்தாகி ஒன்பது வருஷம் ஆகிறது, அவரை இப்போது என்ன சொல்ல. பத்திரிகையில் என் பேர் வந்திருந்தால் வீட்டில் பெரிய ரகளை ஆகியிருக்கும். அதனால் நீ உன் பேரைச் சொன்னதில் எனக்குக் குறையே இல்லை. சமையலறைப் பக்கமாக வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், போட்டுக்கொள் என்று நானே சொல்லியிருப்பேன்.

என் குறை பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னது.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ராசிக் சிங்கப்பூர் போய்விட்டு வரும்போது ஒரு கேமரா வாங்கி வந்தார். "நீ ஆசையா எடுப்பியாமே" என்றார். "எனக்கு வராதுங்க, கை ஆடும்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதைத் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். இக்ராம் பிறந்தபோதும் நான் எடுக்கவில்லை. ராசிக் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதத்திலும் எடுக்கவில்லை. யாராவது போனை நீட்டி, "ஒரு படம் எடுங்க" என்றால்கூடப் பின்னால் போய்விடுவேன். இன்றுவரை கல்யாண வீட்டில் அப்படித்தான். எனக்குக் கண் இல்லை, கை இல்லை என்று நம்பினேன், மாதவி. நீ சொன்னதால் நம்பினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நீ தொடாதே என்ற ரோல்களை எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டேன். படத்தில் நீ இருந்தால் எடுத்தது நான், நான் இருந்தால் எடுத்தது நீ. இருவரும் இல்லாததை விட்டுவிட்டேன். அதற்குச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. உறுதியாக என்னுடையது நாற்பத்தொன்று. அதில் ஆடியது ஐந்து. உன்னுடையதில் ஒன்பது ஆடியிருக்கிறது.

படத்தை எடுக்கச் சொல்லாதே. சீதாலெட்சுமி அக்கா இப்போது இல்லை. அவர் அந்தச் சுவரில் இருக்கட்டும். ஃபைல் இதோடு வருகிறது. வெட்டவில்லை. முழு ஃபிரேம், உன் கையோடு. இப்படியேதான் மாட்ட வேண்டும். பேரை எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை.

தஸ்லீமா


பிரிக்பீல்ட்ஸ்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள தஸ்லீமா,

ஆறாம் தேதி நீ வருவாய் என்று வாசலிலேயே நின்றேன். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். உன் மாதிரி முக்காடு போட்ட ஒரு அம்மா வந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

முழுப் படத்தையும் மாட்டியிருக்கிறார்கள். இந்தக் கை யாருடையது என்று நிறையப் பேர் கேட்டார்கள். என்னுடையது என்றேன். அப்படியென்றால் எடுத்தது யார் என்று அவர்கள் இழுக்கும்போது வேறு யாராவது வந்து பாராட்டினார்கள். சத்தத்தில் எனக்குப் பாதி கேட்கவும் இல்லை.

பேர் விஷயம் சொல்ல வேண்டும். பிரசுரம் அதற்குள் அச்சாகிவிட்டது. அதில் என் பேர் மட்டும்தான். சுவரில் ஒட்டும் சீட்டையாவது மாற்ற வேண்டும் என்று தாமரையிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். முழுக்கச் சொல்ல வாய் வரவில்லை. "அப்ப ரெண்டு பேர் பேரையும் போட்டுருவோமா ஆன்டி? பிரச்சினை இல்லதானே" என்றாள். 'படம்: மாதவி தம்புசாமி, தஸ்லீமா' என்று ஒட்டியிருக்கிறார்கள். கேமரா இருவருக்கும் பொதுதானே. கழுவியதும் பிரிண்ட் போட்டதும் நான். குடை பிடித்ததும் நான். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை என்று தோன்றியது.

இந்தப் பத்தியை எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது.

28 வரை கண்காட்சி இருக்கிறது. என்றைக்கு வருகிறாய் என்று சொல். ஸ்டேஷனுக்கே வந்து நிற்கிறேன்.

மாதவி


கிள்ளான்
24 செப்டம்பர் 2025

மாதவி,

நேற்று வந்து பார்த்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. கொமுட்டர் ரயிலில் தனியாகத்தான் வந்தேன்.

சீட்டையும் படித்தேன். தாமரை என்னைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, ஏதும் தெரியணுமா?" என்று வந்தாள். நான்தான் தஸ்லீமா என்றேன். பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "ஓ, நீங்களா? இதுல நீங்க எந்தப் பாதி எடுத்தீங்க ஆன்டி?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தச் சீட்டைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

"படத்தைப் பாதியா எடுக்க முடியாதும்மா. எடுத்தது நான். குடை பிடிச்சது அவங்க. அந்தக் கைதான்" என்றேன். சத்தம் போடவில்லை. அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். உன்னைக் கேட்பாள். எப்படிச் சொல்வது என்று இந்தத் தடவை நீ தவிக்க வேண்டியதில்லை, நான் சொல்லிவிட்டேன்.

பிரிண்ட் சரியில்லை. கீழே சேறு முழுக்கக் கறுப்பாக அடைந்துபோயிருக்கிறது. நான் கொடுத்த ஃபைலில் அக்காவின் செருப்புத் தடம்கூடத் தெரியும். அச்சடித்தவர் கவனிக்கவில்லை. தாமரையைப் பக்கத்தில் நிறுத்தி எங்கே எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று காட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள். மறுபடி போடுகிறார்களாம்.

உன் மேல் கோபம் போகவில்லை. என்றைக்குப் போகும் என்றும் தெரியவில்லை. போய்விட்டது என்று பொய் எழுத எனக்கு வராது.

என்னுடைய நாற்பத்தொன்றில் ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டேன். பாசார் வாசலில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே, யாரோ என்னவோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து நீ சிரிக்கிறாய். உனக்கு இருபத்து மூன்று வயசு. கேட் படத்தைவிட இது நல்ல படம். இத்தனை வருஷமும் இதை நீ யாருக்கும் காட்டியிருக்க முடியாது. யார் எடுத்தது என்று கேட்டிருப்பார்கள்.

உறையில் உன் பேரை எழுதிக் கடையில் வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நீ நேரில் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள். ஞாயிறு கடை அடைப்பு.

தஸ்லீமா